அப்பா கேட்ட கம்பி

டபுள் கேப் பிக்கப் ஒன்று ஓர்டர் பண்ணப் போன அன்று ஷோரூமில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "அண்ணா வரல்லயா மிஸ்?"

எனக்கு அண்ணன் கிடையாது. அந்த மனுஷன் விசாரித்தது புருஷனையா, கூடப்பிறந்தவனையா, இல்லை பொதுவாக ஆம்பிளை என்று ஒன்றையா என்று விளங்கவில்லை.

"நான்தானே வந்திருக்கேன். பத்தாதா?"

"ஐயோ, தாராளம் மிஸ், தாராளம்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். முஸ்லிம் ஆள், 'சொல்லு' என்பதைச் 'செல்லு' என்கிற பேச்சு. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் கடைசிவரை என்னை மிஸ் என்றே கூப்பிட்டார், நான் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஆகிவிட்டது போல.

பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டோரமாக, கண்ணாடிச் சுவர் போட்ட ஷோரூம் அது. ரோட்டில் பஸ் ஒன்று இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு உயிரை வாங்கும் சத்தம் உள்ளே கேட்காது. அந்த அமைதியில் நானா ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். படிவம் நிறையக் கட்டங்கள். நாலு சில்லும் இழுக்கிற மொடலா, பின் சில்லு மட்டுமா. ஒட்டோ கியரா, மெனுவலா. கலர், சீட்டுத் துணி, பின்தட்டுக்கு மூடி, பக்கப்படி, இழுவைக் கொக்கி.

இதில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். எங்கள் ஊரில் வாகனம் என்பது தேர்ந்தெடுக்கிற சாமான் இல்லை. கிடைப்பதை எடுத்துக்கொள்கிற சாமான். ஜப்பானில் எவரோ ஒரு கிழவர் தனக்குப் பிடித்த கலரில், தனக்குப் பிடித்த சீட்டில் ஐந்து வருஷம் ஓட்டுவார். அதற்குப் பிறகு அது கப்பல் ஏறி வந்து நமக்குப் புது வாகனம் ஆகும். ரேடியோவைப் போட்டால் ஒரு பொம்பிளை ஜப்பானிய மொழியில் அன்பாக ஏதோ சொல்லுவாள், நாமும் தலையாட்டுவோம். பிறகு அதற்கும் வழியில்லாமல் இறக்குமதியையே பல வருஷம் மூடிவைத்தார்கள். திறந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பார்த்து "உங்களுக்கு என்ன வேணும் செல்லுங்க மிஸ்" என்று கேட்கிறார். பேராதனையில் நாலு வருஷம் விவசாயம் படித்து, வைவாப் பரீட்சையில் பேராசிரியரோடு சண்டை பிடித்தவள் நான். அன்றைக்கு வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

எதற்கு எனக்கு இந்த வண்டி? தொழிலுக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. ஹேவாஹெட்டப் பக்கம் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் லீக்ஸ், கரட், கோவா என்கிற முட்டைக்கோஸ் வாங்கிக் கண்டியில் ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். அதுவரைக்கும் வாடகை லொறிதான். அதன் ட்ரைவர் மழை பெய்தால் வர மாட்டார். ஹேவாஹெட்டயில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம்.

ஆனால் உண்மையான காரணம் அப்பா.

நான் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது அம்மா செத்துப்போனார். அன்றிலிருந்து அப்பா ஹேவாஹெட்டயில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றைக் காம்பராவில், தனியாக. நான் பிலிமத்தலாவையில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ரெண்டு அறை. ஒரு அறையில் நான். மற்ற அறையில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு மெத்தை. மெத்தையின் பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை. அப்பா வந்து கழற்றட்டும் என்று விட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஜன்னலைத் திறந்தால் காற்றில் அந்தப் பொலித்தீன் சரசரக்கும். முதல் மாதம் ஆள் யாரோ புரண்டு படுப்பது போல இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒவ்வொரு தடவை போகும்போதும் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்டு. கோழி அடைகாக்கிறது, கோயில் கூட்டம் இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது. ஒரு நாள் நான் கத்தியதும் அப்பா சொன்னார்: "சரி புள்ள. நீ சொந்தமா ஒரு புது வண்டி எடு. அதுல சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு ஒரேயடியா வந்துர்றேன்."

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ரெண்டு வருஷம் நாயாக உழைத்தேன். வண்டி வந்தால் அப்பா வருவார். இதுதான் விஷயம், வேறு ஒன்றும் இல்லை. லீசிங் கதையை விடுவோம், அது வேறு அழுகை.

"மிஸ், முதல்ல இதச் செல்லுங்க. சிங்கிள் கேப்பா, டபுள் கேப்பா? மரக்கறி ஏத்தத்தானே? சிங்கிள் கேப்புல பின்தட்டு பெருசு. டபுள் கேப்பு ஃபெமிலிக்குத்தான். வீட்டுல எத்தின பேரு?"

"ரெண்டு பேர்" என்றேன். அப்பாவையும் சேர்த்து.

"அப்ப சிங்கிள் கேப்பே போதும்."

அங்கேயே போனை எடுத்து எங்கள் கெம்பஸ் பெச் குரூப்பில் ஒரு வாக்கெடுப்புப் போட்டேன். ஹந்தானை ரோட்டில் ஒரே வீட்டில் ஆறு பேராக, ஒரு பானைச் சோற்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தோம் நாங்கள். ஷம்பூ எந்த வாசனை வாங்குவது என்பதற்கே வாக்கெடுப்பு நடக்கும், கள்ள ஓட்டு உட்பட. இப்போது ஒருத்தி மெல்பர்னில், ரெண்டு பேர் கனடாவில், ஒருத்தி டோஹாவில், ஒருத்தி எங்கே என்றே சரியாகத் தெரியவில்லை. 'சிங்கிள் கேப் / டபுள் கேப்' என்று போட்டுவிட்டுக் காத்திருந்தேன். நானா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்தேன். ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தது. அது நான் போட்டது.

"டபுள் கேப்" என்றேன்.

"கலரு? எல்லாரும் வெள்ளதான் எடுக்கிற. விக்கப்போனா வெலபோகும்."

"வாங்க முதலே விக்கச் சொல்றீங்களே நானா. கொஞ்சம் இருங்க, எங்கப்பாட்ட கேக்குறேன்."

அப்பாவைப் பிடிப்பது லேசு இல்லை. லயத்துக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்ப் பீலிக்கு மேலே ஒரு கல் இருக்கிறது. அதில் ஏறி நின்றால் ரெண்டு கோடு வரும். அந்தக் கல்லுக்கு எப்போதும் நாலைந்து பேர் வரிசை. நான் பேசுவது அப்பாவுக்கு மட்டுமல்ல, அந்த வரிசைக்கும் சேர்த்துத்தான்.

"அப்பா, வண்டிக்கு என்னென்ன வேணும்னு கேக்குறாங்க. சொல்லுங்க."

"எனக்கு என்னா தெரியும்? டயர் நாலும் இருக்குல்ல?"

"அஞ்சு. ஸ்பெயாரோட."

"அப்பறம் என்னா."

"கலரு?"

"சேறு தெரியாத கலரா பாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "சாணிக் கலரு கேளு மாமா!"

"சீட்டு துணியா, லெதரா அப்பா?"

"ரெண்டுலயும் உக்காரத்தான முடியும்?" பிறகு, "புள்ள, பின்னால பிடிச்சிக்கிட்டு நிக்க கம்பி இருக்கா?" என்றார்.

"எதுக்கு?"

"நிக்கத்தான்."

"நீங்க எதுக்கு நிக்கணும்? நீங்க முன்னால உக்காருவீங்க. எனக்குப் பக்கத்துல. ஏசி போட்டு."

"அது சரி. கம்பியும் இருந்தா நல்லாருக்கும்."

லைனை வெட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானா பார்க்கக்கூடாது என்று படிவத்தைக் குனிந்து படித்தேன்.

அப்பா முப்பது வருஷம் தோட்டத்துக் கொழுந்து லொறியில் ஆள். மலைக்கு மலை போய் கொழுந்துச் சாக்குகளைத் தூக்கி லொறியில் போட்டு, ஃபெக்டரியில் இறக்குகிற வேலை. மொத்தம் நாலு பேர். நாலு பேரும் எப்போதும் பின்னால், சாக்குகளுக்கு மேல், நின்றபடி. லொறி பழுதானால் தோட்ட மனேஜர் துரையின் டபுள் கேப்பில் அனுப்புவார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஒரு நாள் ஸ்கூல் விட்டு, மழையில் நனைந்துகொண்டு வந்தேன். துரையின் டபுள் கேப் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் துரை. பின் சீட்டில் அவருடைய நாய், ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. அதற்கும் பின்னால், தட்டில், கம்பியைப் பிடித்தபடி நாலு பேர். தலையில் சாக்கு. அதில் ஒருவர் அப்பா. உள்ளே இன்னும் ரெண்டு மூன்று பேருக்கு இடம் இருந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் பதிலுக்குக் காட்டவில்லை. நான் படித்தது, பல்கலைக்கழகம் போனது, எல்லாவற்றுக்கும் அந்த நாய்தான் காரணம் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அதுதான்.

"நானா, இந்தப் பின்தட்டுல ஆளுங்க ஏறி நிக்க முடியாத மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

அவர் யோசித்தார். "சுருள் மூடி ஈக்குது மிஸ். ஷட்டர் மாதிரி இழுத்து மூடலாம், பூட்டலாம். மரக்கறி நனையாது. ஆனா அது போட்டா மேல கம்பி போட ஏலாது. ரெண்டும் ஒரே எடத்துலதான் பூட்டுற. ரெண்டுல ஒண்டுதான்."

"மூடி."

"கம்பி போட்டா பார்க்க கெத்தா ஈக்கும் மிஸ். பொடியன்மாரெல்லாம் அதத்தான்..."

"மூடி நானா. மூடி, மூடி."

அவர் எழுதினார். பின்கண்ணாடி நடுவில் திறக்கிற மாதிரியும் ஒன்று இருக்கிறது, காற்று நல்லா வரும் என்றார். சரி என்றேன். முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கத்தும் என்றார். "கத்தட்டும்" என்றேன். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் மேசையில் பேனையால் டிங், டிங், டிங் என்று தட்டிக்காட்டினார். கலர் மண் கலர். அப்பா கேட்ட ஒன்றை மறுத்து மற்றதைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு காத்திருந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் போவேன், மரக்கறி கொடுப்பேன், வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கார ஆன்ட்டி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே "தாத்தா தவம ஆவே நெத்த?" என்று கேட்பார். அப்பா இன்னும் வரவில்லையா என்று. சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: வண்டி வரட்டும். கப்பல் ஏறிவிட்டது என்று நானா ஒரு மெசேஜ் போட்டார். அதைக் குரூப்பில் போட்டேன். மெல்பர்ன்காரி ரெண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் போட்டாள். கோபமாக வந்தது. பிறகு, அவளும் எங்கேயோ ஒரு அறையில் தனியாக உட்கார்ந்துதான் அந்தக் கட்டைவிரலைப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அது ஆறுதலாகவும் இல்லை.

வண்டி கொடுக்கிற நாளில் பொனட்டில் பெரிய சிவப்பு ரிபன் கட்டி, ஆளுயரத்தில் ஒரு அட்டைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். நானா ஃபோட்டோ பிடித்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க மிஸ். அந்தப் பக்கம் காலியா ஈக்குது."

"காலியாவே இருக்கட்டும் நானா."

அவர் ரெண்டு ஃபோட்டோ எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, போனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஓடிவந்து சாவியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஃபோட்டோவில் நாங்கள் ரெண்டு பேரும் ஏதோ கல்யாணத் தட்டு மாற்றுகிறவர்கள் போல இருக்கிறோம்.

மறுநாள் காலை ஹேவாஹெட்டவுக்குப் போனேன். பேராதனை, கண்டி, தலாத்துஓயா. பின்தட்டைக் காலியாக வைத்திருந்தேன், அப்பாவின் சாமானுக்காக. அப்பாவுக்கு ஒரு இரும்புப் பெட்டி உண்டு, அம்மாவின் தையல் மெஷின் உண்டு, கோழிக்கூடு வேண்டும் என்று அடம்பிடித்தால் அதுவும் வைக்கலாம் என்று அளந்தே வைத்திருந்தேன். வளைவுக்கு வளைவு பக்கத்து சீட்டைப் பார்த்தேன். திரும்பி வரும்போது அதில் அப்பா இருப்பார். என்ன பேசுவது என்று யோசித்தேன். மழைச் சாக்கை, நாயை, ஒரு நாளாவது பேசிவிட வேண்டும் என்று.

லயத்துக்கு முன்னால் ரோடு முடிகிற இடத்தில் அப்பா நின்றார். அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை. பக்கத்தில் மூன்று மாமாமார், அதே கொழுந்து லொறி ஆட்கள், அவர்களும் குளித்துத் திருநீறு பூசி, தலைவாரி. அப்பாவை வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். அவர் நேராகப் பின்னால் போய் மூடியைத் தட்டினார்.

"இது என்னா புள்ள, பொட்டிக்கடை மாதிரி மூடி வச்சிருக்க?"

"மழைக்கு."

"அப்ப எங்கள எங்க ஏத்துவ?" இது மீசை மாமா. நாலு பேரில் வாய் கூடியவர்.

அப்போதுதான் விளங்கியது. வழியனுப்ப யாரும் வரவில்லை. கீழ் டிவிசன் கோயிலில் வண்டிக்குப் பூசை போடுவதற்கு நாலு பேரும் கிளம்பி நிற்கிறார்கள்.

"உள்ள அஞ்சு சீட்டு இருக்கு மாமா. நீங்க நாலு பேர், நான் ஒராள். சரியா வரும். ஏறுங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நாலு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். "போட்டுக்கிட்டே ஏறுங்க!" என்று கத்தியும் கேட்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அப்பா முன்னால், எனக்குப் பக்கத்தில். டிங், டிங், டிங் என்றது. அவ்வளவு மாதம் காத்திருந்த சத்தம். அப்பா பயந்து எழும்பப் பார்த்தார். "ஒண்ணும் இல்லப்பா, பெல்ட்டு" என்று இழுத்துப் போட்டுவிட்டேன்.

கிளம்பினோம். நாலு பேரும் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடுகிறவரை உட்கார்ந்திருப்பது போல. ஏசி மட்டும் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. நான் ஏதேதோ கேட்டேன். "கோழி எப்படிப்பா?" "இருக்கு." "முழங்கால்?" "இருக்கு." கண்ணாடியில் பார்த்தால் மீசை மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

துரை பங்களா வளைவில் அவர் "புள்ள, கொஞ்சம் நிப்பாட்டு" என்றார். இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார். மற்ற ரெண்டு மாமாமாரும் இறங்கிவிட்டார்கள். கடைசியாக அப்பாவும்.

"மூடியத் தொறக்க முடியுமா?" என்றார் அப்பா, தலையைச் சொறிந்துகொண்டு.

"ஏன்ப்பா? ஏன் பின்னாலயே போறீங்க? அந்த நாய் உள்ள உக்காந்துச்சே, நீங்க மழையில நின்னீங்களே..." என்று ஆரம்பித்துவிட்டேன். ரோட்டில் நின்று, அழுதுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாம் வகுப்பு, சாக்கு, ஜன்னலில் மூக்கு.

நாலு பேரும் திகைத்துப்போய்க் கேட்டார்கள். பிறகு மீசை மாமா, வாயைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஜிம்மியவா சொல்ற?" என்றார். ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். மற்றவருக்கும் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ புள்ள, அந்த நாயி வண்டியில ஏறினா வாந்திதான்! நீ பாத்த அன்னைக்கு தொரையோட தோள்லயே எடுத்துருச்சி! மழைக்குக் கண்ணாடியத் தொறக்கவும் முடியல. தொர மூக்கப் பொத்திக்கிட்டு ஒரு கையால ஓட்டுறாரு. நாங்க பின்னால நின்னு சிரிச்ச சிரிப்புல உங்கப்பன் விழப்பாத்தான்!"

"நாந்தான் பிடிச்சேன்" என்றார் இன்னொரு மாமா.

"கம்பியப் பிடிச்சேன். இவன் என்னா பிடிச்சான்" என்றார் அப்பா.

"பாவம் தொர. முன்னால ஒத்தையா. பேச ஒரு ஆளு இல்ல" என்றார் மீசை மாமா.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர்கள் நனைந்தது பொய் இல்லை. உள்ளே இடம் இருந்ததும் பொய் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் நான் சுமந்துகொண்டு திரிந்த அந்த மழையில் இவர்கள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்பா கை காட்டியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. நான் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடியைச் சுருட்டித் திறந்தேன். நாலு பேரும் இருபது வயசுக்காரர்கள் போலத் தாவி ஏறினார்கள், முழங்கால் வலி எல்லாம் எங்கே போனதோ. ஏறியபின் கையை நீட்டிப் பிடிமானம் தேடினார்கள். ஒன்றும் இல்லை. கம்பி இல்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்பா குனிந்து, நான் திறந்துவிட்ட பின்கண்ணாடி வழியாகக் கையை உள்ளே விட்டு, பின் சீட்டுத் தலையணையைப் பிடித்துக்கொண்டார்.

"போ புள்ள. மெதுவா."

மெதுவாகத்தான் போனேன். சைக்கிளில் போகிறவர்கள் முந்திப் போனார்கள். கண்ணாடியில் எனக்கு அப்பாவின் முகம் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது, முழங்கைவரை. பின்னால் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பாதிதான் கேட்டது. யாரோ ஒரு கங்காணியின் குடையைப் பற்றி. சிரிப்பு வரும்போதெல்லாம் அந்தக் கை தலையணையில் இறுகும், பிறகு தளரும். "என்னப்பா, என்ன?" என்று கேட்டேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. ரெண்டாம் தடவை நான் கேட்கவில்லை.

பூசை முடிந்தது. நாலு சில்லிலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பொனட்டில் சந்தனம், குங்குமம். மாமாமார் சுண்டல் தின்றுகொண்டு நிற்கும்போது அப்பாவைத் தனியாகப் பிடித்தேன்.

"பெட்டி எங்கப்பா?"

"எந்தப் பொட்டி?"

"வண்டி எடுத்தா சாமானோட வந்துர்றேன்னு சொன்னீங்களே."

அப்பா சுண்டல் பொட்டலத்தைப் பார்த்தார். மாமாமாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வண்டி வராதுன்னு நெனச்சேன் புள்ள."

"என்னது?"

"அப்ப வாகனம் கொண்டுவர்றத எல்லாம் மூடி வச்சிருந்தானுங்கல்ல? இனி எங்க தொறக்கப் போறானுங்கன்னு ஊரே பேசிச்சி. சரி, சொல்லி வைப்போம், நீயும் சந்தோசமா இருப்பன்னு சொன்னேன். நீ எடுத்துருவன்னு கண்டேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் அழுகையும் ஒரே இடத்தில் வந்து மோதியதில் இருமினேன். அப்பா முதுகில் தட்டினார்.

"அங்க வந்தா நீ வெடியக்காத்தால போயிருவ. நான் அந்த மாடியில நின்னு ரோட்டப் பாக்கணும். இங்க பேச ஆளு இருக்கு. கோவிச்சுக்காத."

"நானும் அங்க தனியாத்தான்ப்பா நிக்கிறேன்."

அப்பா பொனட்டில் வழிந்த சந்தனத்தை விரலால் வழித்துவிட்டார். பிறகு, "மாசம் ஒருக்கா வாறேன். நாலு நாள் நிப்பேன்" என்றார். இந்தத் தடவை அவர் கண் என்னைத்தான் பார்த்தது.

திரும்பும்போது லயத்தில் ஒரு சாக்குக் கோவாவைக் கொண்டுவந்து முன் சீட்டில் வைத்தார். "தட்டுல வச்சா உருண்டு அடிபடும்" என்றார். நாலு பேரும் வரிசையாக நின்று கை காட்டினார்கள். நானும் காட்டினேன், ரெண்டு கையாலும்.

பத்து மீட்டர் போவதற்குள் டிங், டிங், டிங். வண்டிக்கு அந்தக் கோவாச் சாக்கு ஆள். கொஞ்சத் தூரம் கத்தவிட்டேன். பங்களா வளைவு தாண்டியதும் தாங்கமுடியாமல் நிறுத்தி, சாக்கின் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் போட்டேன். அமைதி. அந்த அமைதி கத்தலை விட மோசமாக இருந்தது.

தலாத்துஓயாவில் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"செல்லுங்க மிஸ், வண்டி எப்படி? அப்பாக்குப் புடிச்சதா?"

"நானா, அந்த மூடியக் கழட்டிட்டு கம்பி போடணும்."

"நான்தான் அண்டைக்கே சென்னேனே மிஸ், கம்பிதான் கெத்துன்னு! ஆனா மரக்கறி நனையுமே?"

"மேல படங்கு போட்டு மூடிக்கிறேன். நாலு பேர் பிடிச்சிக்கிட்டு நிக்கிற அளவுக்கு நல்ல உறுதியா வேணும்."

"நாலு பேரா?" என்றார் நானா. "வீட்டுல ரெண்டு பேருன்னுதானே சென்னீங்க?"

கோவாச் சாக்கு பக்கத்தில் பெல்ட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மழை தூற ஆரம்பித்தது. வைப்பரைப் போட்டேன்.

"ஒராள்தான் நானா" என்றேன். "நீங்க கம்பியப் போடுங்க."